நாலேகால் மணி நேரம்

சின்னவள் பார்க்கிற வேலை என்னவென்று யாருக்காவது விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விமானக் கம்பெனியா என்றால் இல்லை. டிக்கெட் விற்கிற இடமா என்றால் அதுவும் இல்லை. உலகத்தில் எத்தனை விமான நிலையம் உண்டோ அத்தனையையும் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, இதற்கும் அதற்கும் தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு என்று ஜோடிக்கு ஒரு பக்கம் எழுதி இணையத்தில் ஏற்றுகிற ஆபீஸ் அது. இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். படிக்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் சூட்கேஸ் விளம்பரமும் முடி வளர எண்ணெய் விளம்பரமும் ஓடுகின்றன. ஆபீஸுக்கு அது போதும்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. அந்தக் கிலோமீட்டரை எண்ணூற்றைம்பதால் வகுத்து, ஏற இறங்க அரைமணி சேர்த்தால் பறக்கும் நேரம் வந்துவிடும். அந்த இரண்டு ஊருக்கும் இடையில் நிஜமாகவே விமானம் ஓடுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. முக்கால்வாசி ஜோடிகளுக்கு ஓடவே ஓடாது. சேர்ந்த புதிதில் சின்னவள் இதை மேலாளரிடம் கேட்டாள். "நாம தூரத்தைத்தானே சொல்றோம், டிக்கெட்டா குடுக்கறோம்?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. கை பழகுவதற்காக அன்றைக்கு அவள் எழுதிய முதல் பக்கம் தன் சொந்த ஊரைப் பற்றியது. தான் பிழைக்க வந்த ஊரிலிருந்து வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையம் வரை மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். நாலேகால் மணி நேரம்.

வழி தெரியாதவள் இல்லை அவள். வரும்போது ஒரு விமானத்தில் ஏறி, நடுவில் வேறெங்கோ இறங்கி, அங்கே ஒரு ராத்திரி பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு விமானம் பிடித்து, ஒரு முழு நாளைத் தொலைத்துத்தான் வந்து சேர்ந்தாள். அதன்பிறகு மூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் வேலை அலுத்துப்போகும் நேரங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வாள். நாலேகால் மணி நேரம்தானே, காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம் என்று ஒரு தெம்பு. அது பொய்த் தெம்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் பார்ப்பாள், என்ன செய்வது.

அப்பாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. அவர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிப்பதும், தாமதமானால் தான் உட்காரும் கம்பிக் கூண்டுக்கு வெளியே கரும்பலகையில் எழுதிப் போடுவதும் அவர் வேலை. வண்டி லேட் என்றால் ஜனங்கள் கத்தமாட்டார்கள், எவ்வளவு லேட் என்று சொல்லாவிட்டால்தான் கத்துவார்கள் என்பது முப்பது வருஷம் அந்தக் கூண்டில் வெந்து அவர் கண்டுபிடித்த விஷயம். மகளும் நேரம் குறிக்கிற வேலைக்கே போய்ச் சேர்ந்ததில் மனுஷருக்கு அப்படி ஒரு பெருமை. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நான் பஸ்ஸுக்குப் பாத்தேன், எம்பொண்ணு ஏரோப்ளேனுக்குப் பாக்குறா" என்று அளந்துகொண்டிருப்பார்.

அண்ணன் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. டயர் கடை வைத்திருக்கிறவன், பேச்சும் அப்படித்தான், இரும்படிக்கிற சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவன். அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு அவன் கூப்பிட்டபோது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதிலேயே சின்னவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அப்பாவுக்கு முடியல" என்றான். "நேத்து ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நேத்தே ஏன் சொல்லலன்னு கேக்காத, சொல்ல வாய் வரல."

"நினைவு இருக்கா?"

"நல்லா இருக்கு. அதான் கஷ்டம். உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. டாக்டர் இன்னிக்கோ நாளைக்கோங்கறாரு. நீ கிளம்பினா வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா கேக்கச் சொன்னாரு."

"நாலேகால் மணி நேரம்" என்றாள் சின்னவள்.

"என்னது? போனப்ப உனக்கு ஒரு நாள் ஆச்சே."

"நாலேகால் மணி நேரம்தான்" என்றாள் மறுபடி. கேட்ட கேள்விக்கு அவள் வாய் பதில் சொன்னது, அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டும் என்றோ நல்லது சொல்ல வேண்டும் என்றோ அதில் எண்ணமே இல்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அந்த மரப்புக்குள் மிச்சம் இருந்த ஒரே சமாச்சாரம் அந்த எண்தான்.

அண்ணனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? தங்கை அதிலேயே வேலை பார்க்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "அப்ப ரெண்டு மணிக்கு வந்துடுவ" என்றான். பிறகு வீட்டுக்குள் திரும்பி, "அப்பா, ரெண்டு மணிக்கு வந்துடறாளாம்" என்று அவன் உரக்கச் சொன்னது போனில் கேட்டது. உடனே வைத்துவிட்டான்.

மேலாளர் நல்ல மனுஷர். விஷயத்தைச் சொன்னதும் "முதல்ல கிளம்பு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். பக்கத்து மேசையில் பக்கங்களைச் சரிபார்க்கிற அம்மாள் இருந்தாள். யார் எதை எழுதினாலும் சிவப்பில் திருத்துவதால் ஆபீஸில் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பெயர். அவள்தான் தன் கம்ப்யூட்டரிலேயே சின்னவளுக்கு டிக்கெட் தேட உட்கார்ந்தாள்.

"நேரா போற ஃப்ளைட் இல்லையேடி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "மத்தியானம் ஒரு மணிக்கு ஒண்ணு இருக்கு. அது உங்க ஊருக்கு எதிர்த்திசையில போய், அங்க இறங்கி, ராத்திரி வரைக்கும் காத்திருந்து, பதினொரு மணிக்கு இன்னொண்ணு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் இறங்குவ. வேற எதுவுமே கிடையாது."

"ரெண்டு மணிக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டேன்."

"யாரு கணக்கு அது?"

வாத்தியாரம்மா ஒரு நிமிஷம் சின்னவளின் முகத்தையே பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. "நம்ம பக்கத்துல இருக்கறதையா சொன்ன?" என்று கேட்டாள். மூன்று வருஷமாகச் சின்னவளின் ஒவ்வொரு காற்புள்ளியையும் நோண்டி எடுத்தவள் இந்தத் தப்பைத் திருத்த வகை தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "உடனே போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடு. சொல்லிட்டா அவங்களும் அதுக்குத் தகுந்தாப்ல மனசைத் தேத்திப்பாங்க" என்றாள். நல்ல வார்த்தைதான். அதைக் கேட்டு நடந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே அவசியம் இருந்திருக்காது.

சின்னவள் அங்கேயே நின்று போன் பண்ணினாள். இந்தத் தடவை எடுத்தது அண்ணி. அண்ணியின் குரலில் ஒரு மலர்ச்சி.

"ரெண்டு மணின்னு சொன்னதும் உங்கப்பா கண்ணைத் திறந்துட்டாரு தெரியுமா? ரெண்டு நாளா ஒரு வாய் இறங்கல, இப்ப அரை டம்ளர் கஞ்சி குடிச்சாரு. மூஞ்சி முள்ளா இருக்கு, வழிச்சு விடுங்கறாரு. உங்கண்ணன்தான் வழிச்சு விட்டுக்கிட்டு இருக்காரு. நீ கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன் அண்ணி" என்றாள் சின்னவள். வாத்தியாரம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

விமான நிலையத்துக்கு வந்து, பையைக் கொடுத்து, வரிசையில் நின்று, பெல்ட்டையும் செருப்பையும் தட்டில் வைத்து எடுத்து, எல்லாம் தானாக நடந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. முன்னால் நின்றவர் பையில் ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடத் தெரியாமல் சோதனைக்காரர் திண்டாடியதை அவள் ஒன்றுமே நினைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறுவதற்கு முன் அண்ணனைக் கூப்பிட்டாள். இப்போதாவது சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டாள்.

"ஃப்ளைட் லேட்டு" என்றது வாய்.

"எவ்வளவு லேட்டுன்னு கேக்குறாரு அப்பா."

வேறு யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருக்கலாம். அப்பாவிடம் மழுப்ப முடியாது, எண் சொல்லியாக வேண்டும். "மூணு மணி நேரம்" என்றாள். அண்ணன் அதை உள்ளே சொன்னான். அப்பா என்னவோ சொன்னார். "அஞ்சு மணின்னு வச்சுக்கறேன்னு சொல்றாரு" என்றான் அண்ணன்.

அப்புறம் அவள் வீட்டுக்கு எதிர்த்திசையில் நாலு மணி நேரம் பறந்தாள். எதிர்த்திசை என்பது முன் இருக்கைத் திரையில் ஓடிய வரைபடத்தில் மட்டும்தான் தெரிந்தது, உள்ளே எல்லாத் திசையும் ஒன்றுதான். டப்பாவில் ஏதோ சாப்பாடு கொடுத்தார்கள். திறந்தாள், சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நடுவில் இறங்கிய நிலையத்தில் நாற்காலிகளுக்கு நடுநடுவே இரும்புக் கைப்பிடி வைத்திருந்தார்கள், யாரும் நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்று. எந்தப் புண்ணியவான் யோசனையோ. தரை துடைக்கிற வண்டி போவதும் வருவதுமாக இருந்தது. சின்னவள் போனை இயக்கியதும் அண்ணனின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. மணி ஐந்தைத் தாண்டி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அவள் கூப்பிட்டதும், "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்றான் அண்ணன். வேண்டாம் என்று சொல்வதற்குள் கொடுத்துவிட்டான்.

"குட்டி" என்றார் அப்பா. மூன்று வருஷமாக வாரம் தவறாமல் கேட்ட குரல்தான், ஆனால் பாதி காற்று. "இன்னும் லேட்டாம்மா?"

"ஆமாப்பா."

"எவ்வளவு?"

"ராத்திரி எட்டு மணிக்கு வந்துடுவேன்பா."

"வண்டி கிளம்பிடுச்சில்ல?"

"கிளம்பிடுச்சுப்பா" என்றாள், இரும்புக் கைப்பிடிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு.

"அப்ப சரி. கிளம்பிட்டா வந்துடும். நீ பதறாம வா" என்றார். ஏரோப்ளேனுக்குள் போன் பேச முடியாது என்பதெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள்?

அண்ணன் போனை வாங்கி வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது, தெருச் சத்தம் கேட்டது. "இப்ப உண்மையச் சொல்லு. எங்க இருக்க?"

சொன்னாள். எந்த ஊர், எப்போது அடுத்த விமானம், காலையில் எத்தனை மணிக்கு இறங்குவாள், அங்கிருந்து வீட்டுக்கு வர ஒன்றரை மணி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நாலேகால் மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். அண்ணன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லேட்டாகறது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லடி" என்றான் கடைசியில். "வாழ்க்கை பூரா லேட்டைத்தானே பாத்துக்கிட்டு இருந்தாரு. காலையிலயே நாளைக்குத்தான்னு சொல்லியிருந்தா, நாளைக்குன்னு மனசுல வச்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சு வச்சிருப்பாரு. நீ ரெண்டு மணின்னு சொன்ன, இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்தாரு. தலையணைய முட்டுக் குடுத்து வாசலைப் பாத்துக்கிட்டு. அஞ்சு மணின்ன, மறுபடியும் உக்காந்தாரு. இனிமே உக்கார அவர்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நான் வேணும்னு சொல்லலண்ணா."

"தெரியும். வை. நான் பாத்துக்கறேன்."

அவன் என்ன பார்த்துக்கொள்வான் என்று அவளுக்கு விளங்கவில்லை. யோசிக்கவும் இல்லை. தரை துடைக்கிற வண்டி வந்தால் காலைத் தூக்கிக்கொண்டாள், போனதும் இறக்கிக்கொண்டாள். இரண்டாவது விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்தது. இறங்கியதும் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாளே தவிர, கூப்பிடவில்லை. வீட்டிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. டாக்ஸிக்காரர் வழி கேட்டபோது சரியாகச் சொன்னாள், எந்த இடத்தில் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது என்பது வரைக்கும்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவற்றில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டாக்ஸிக்காரருக்குக் காசைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கி, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பஸ் நிலையத்திலிருந்து வந்திருந்த இரண்டு பெரியவர்கள் எழுந்து வழி விட்டார்கள். சின்னவள் யாருக்கு எது சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அழுத்தமான பெண் என்று யாராவது நினைத்திருக்கலாம். அழுத்தமாவது ஒன்றாவது, அவளுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அப்பா உள் அறையில் கட்டிலில் படுத்திருந்தார். வழித்த கன்னம் சுத்தமாக இருந்தது. தலையை வாரி விட்டிருந்தார்கள். ஜன்னல் திரை இழுத்து மூடியபடியே இருந்தது, குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் வேறு ஏதோ நேரத்தைக் காட்டியது. வெளியே காலை எட்டே முக்கால், அங்கே பன்னிரண்டைத் தாண்டவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் சிவந்து, சட்டையில் நேற்றைய கஞ்சிக் கறை.

"எப்ப?" என்று கேட்டாள்.

"விடிய நாலு மணி இருக்கும்."

அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை அவன் பார்த்தான். "நான்தான் தள்ளி வச்சேன்" என்றான். "போனை வச்சிட்டு உள்ள வந்தப்ப தூங்கிக்கிட்டு இருந்தாரு. இருட்டினதும் திரையை இழுத்து விட்டேன். முழிச்சு மணி கேக்கறதுக்குள்ள முள்ளைப் பின்னால திருப்பி வச்சேன். அப்புறம் அவரு கண்ணை மூடும்போதெல்லாம் ஸ்டூல் மேல ஏறி ஏறித் திருப்பினேன். உங்க அண்ணி என்னைப் பைத்தியம்னா. வேற என்ன பண்ணச் சொல்ற? எட்டு மணி வந்துடக் கூடாதுன்னு பாத்தேன்."

"கண்டுபிடிக்கலையா?"

"அவரையா ஏமாத்த முடியும்னு நானும் பயந்தேன். ஒண்ணும் சொல்லல. கடைசியா ஒரு தடவை என்ன மணின்னாரு. ஏழரைன்னேன். அப்ப நிஜ மணி பன்னண்டு. இன்னும் அரை மணி இருக்கு, நான் கொஞ்சம் கண்ணசர்றேன்னாரு. அவ்வளவுதான், அப்புறம் முழிக்கல. முழிச்சுட்டா என்ன பண்றதுன்னு நாலு மணி வரைக்கும் திருப்பிக்கிட்டேதான் இருந்தேன்."

சின்னவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். "என் மேல கோவமா இருந்தாரா?"

"அவருக்கு எதுக்குக் கோவம்? அவரு கணக்குல நீ இன்னும் எட்டு மணி தாண்டல." அண்ணன் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். "கோவம் எனக்குத்தான். அது கிடக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம். கண்ணை மூடறதுக்கு முன்னாடி, அவ வந்ததும் எழுப்புன்னு என்கிட்ட சொன்னாரு. சரின்னு சொல்லியிருக்கேன். என்னால முடியல. நீ எழுப்பு."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அந்த வார்த்தையைக் காப்பாற்றாமல் அவன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டான். வாசலில் பேச்சு அடங்கிவிட்டது. அண்ணி கதவருகில் வந்து நின்றாள்.

சின்னவள் பையைக் கீழே வைத்தாள். குனிந்து, அப்பாவின் தோளில் கை வைத்து, "அப்பா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அப்பா, வந்துட்டேன். எந்திரிப்பா" என்றாள் மறுபடி.

"அந்தப் பக்கம் போய்க் கூப்பிடு" என்றான் அண்ணன். "போன வருஷத்துலேருந்து இந்தக் காது அவருக்குச் சுத்தமாக் கேக்காது. உனக்குத் தெரியாது."

சின்னவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.